இரண்டு லைன் வைத்த வீட்டிலிருந்து

போடிநாயக்கனூர்
ஆடி 28, செவ்வாய்க்கிழமை

மரியாதைக்குரிய மாப்பிள்ளை வினோத்குமார் அவர்களுக்கு மாமனார் சின்னமுத்து எழுதிக்கொள்ளும் கடிதம். இங்கு நான் சுகமாக இருப்பது உங்கள் போனில் பச்சைப் புள்ளியாக ஏற்கனவே தெரிந்திருக்கும், ஆகையால் அதை எழுதி மையைச் செலவழிக்கவில்லை. அங்கு நீங்களும் மகள் முத்துப்பிரியாவும் சுகமாக இருக்கிறீர்களா என்று பார்க்க என்னிடம் புள்ளி எதுவும் இல்லை, ஆகையால் எழுதித்தான் கேட்க வேண்டியிருக்கிறது. புனேயில் மழை பிடித்துக்கொண்டதா? இங்கே மழை மலைக்கு மேலேயே நின்றுகொண்டது, காற்றை மட்டும் இறக்கிவிட்டிருக்கிறது. நேற்று எதிர்வீட்டுத் தகர ஷீட் ஒன்று பறந்து வந்து நம் வாசலில் உட்கார்ந்தது. நான்கு நாளாக இந்த வீட்டு வாசலுக்கு வந்த ஒரே விருந்தாளி அதுதான்.

போனில் சொல்லலாமே, இந்தக் காலத்தில் யாராவது கடிதம் எழுதுவார்களா என்று கேட்பீர்கள். போனில் நான் இரண்டு வாக்கியம் முடிப்பதற்குள் "மாமா, ஒரு மீட்டிங், அஞ்சு நிமிசத்துல கூப்புடுறேன்" என்கிறீர்கள். அந்த ஐந்து நிமிடம் ஆடிப்பெருக்கன்று தொடங்கியது, இன்னும் முடியவில்லை. குறையாகச் சொல்லவில்லை, உங்கள் சோலி அப்படி. கடிதம் என்றால் நடுவில் வெட்ட முடியாது பாருங்கள். மடித்து வைத்தாலும் மேஜை மேலேயே கிடக்கும், எப்படியும் ஒரு நாள் கண்ணில் படும்.

விஷயத்துக்கு வருகிறேன். பத்தொன்பது நாளைக்கு முன்னால், பதினோராவது தடவையாக நெட்டு போனபோது, நீங்கள் போனில் சொன்னது என் காதிலேயே நிற்கிறது. "மாமா, மூணு மாசத்துல பதினோரு தடவ லைன் போயிருக்கு. நீங்க கேமராவுல தெரியலன்னா பிரியா ஆபீஸ்ல உக்காந்து அழுகுறா. இன்னும் ஒருக்கா போச்சுன்னா பேச்சே இல்ல, கோயம்புத்தூர்ல எடம் போட்டுருவேன்" என்றீர்கள். முதியோர் இல்லமா என்று கேட்டதற்கு "அய்யய்யோ இல்ல மாமா, பெரியவங்க குடியிருப்பு. நர்ஸ் இருக்காங்க, தோட்டம் இருக்கு, நெட்டு போகவே போகாது" என்று சொல்லிப் படமும் அனுப்பினீர்கள். படத்தை நன்றாகப் பெரிசாக்கிப் பார்த்தேன். என் வயசுக்காரர்கள் ஏழெட்டுப் பேர் வட்டமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து பலூன் தட்டுகிறார்கள். ஒருத்தர் முகத்திலாவது பலூன் தட்டுகிற சந்தோஷம் இருக்கிறதா என்று தேடினேன். பலூன் ஒன்றுதான் சிரித்த மாதிரி இருந்தது. பிரியாவோ, "எங்க கூடவே வந்து இருப்பா" என்கிறாள். அவள் மனசு எனக்குத் தெரியாதா. ஆனால் பெண்ணைக் கொடுத்த வீட்டில் போய் உட்கார்ந்து சாப்பிடுகிற வழக்கம் நம் பக்கம் கிடையாது, அது உங்களுக்கும் தெரியும். தை மாதம் வந்து ஒன்பது நாள் இருந்தேனே, அதற்கே ராசிங்காபுரத்தில் என் பங்காளி ஒருத்தன் "சின்னமுத்து மக வீட்டுச் சோத்துக்குப் போயிட்டான்" என்று பேசியிருக்கிறான். பேசியவன் மகன் வீட்டில் கட்டில்கூட இல்லாமல் படுத்திருக்கிறான், அது வேறு கதை. ஆக, புனேயும் இல்லை, கோயம்புத்தூரும் இல்லை, உங்கள் அத்தை கருத்தம்மாள் விட்டுப்போன இந்த வீட்டில்தான் நான் இருக்க வேண்டும். அதற்கு லைன் போகக்கூடாது. ஏன் போயிற்று, இனிமேல் ஏன் போகாது என்று விவரமாக எழுதிவிட்டால் நீங்கள் அந்த இடத்தை வேண்டாம் என்று சொல்லிவிடலாம் அல்லவா, அதற்குத்தான் இந்தக் கடிதம்.

சித்திரையில் வந்து கூடத்தில் ஒரு கேமராவும், அது பிடிக்கிறதை உங்கள் போனுக்கு அனுப்பச் சோப்புப் பெட்டி அளவில் ஒரு கம்ப்யூட்டரும் வைத்துவிட்டுப் போனீர்கள். "லினக்ஸ் மாமா, இது யாருக்கும் சொந்தமில்ல, உலகத்துல யாரு வேணாலும் பிரிச்சுப் பாக்கலாம்" என்றீர்கள். பிரித்துப் பார்க்கிற விஷயத்தில் நம் ஸ்டாண்டு ஜீப்பு மாதிரி என்று நினைத்துக்கொண்டேன். அதற்கு இரண்டு லைன். ஒன்று தெருவில் கேபிள் போடுகிற சின்ராசு இழுத்த கேபிள், இன்னொன்று மொட்டைமாடிக் கம்பியில் கட்டிய சிம் போட்ட டாங்கிள். ஒன்று போனால் ஒன்று பிடிக்கும் என்றீர்கள். அப்புறம் கருப்புத் திரையில் ஒரு கட்டளை அடித்து, எந்தச் சரக்கு எந்த வழியில் போகும் என்கிற பட்டியலைக் காட்டி, "சும்மா பாருங்க மாமா, தொட்றாதீங்க" என்றீர்கள். முப்பத்து நாலு வருஷம் போடி ஜீப்பு ஸ்டாண்டில் ஆளைப் பிரித்து ஜீப்பில் ஏற்றி அனுப்பி நான் லைன் பார்த்த சோலி அப்படியே அங்கே எழுதியிருந்தது. ஏலத்தோட்ட வேலைக்குப் போகிற பெண்களில் பூப்பாறைக்காரர்கள் போடிமெட்டு வழி, வண்டன்மேட்டுக்காரர்கள் கம்பம் மெட்டு வழி, எந்தத் தோட்டம் என்றே சொல்லத் தெரியாமல் தூக்குவாளியோடு வந்து நிற்கிறவர்கள் எல்லாரும் பொதுவாகப் போடிமெட்டு வழி. அந்தக் கடைசி ஏற்பாட்டுக்குத்தான் உங்கள் ஊரில் டீஃபால்ட் ரூட் என்று பெயர். இதை நீங்கள் காலேஜில் நாலு வருஷம் படித்ததாகப் பிரியா சொன்னாள். நான் வாயில் வெற்றிலையோடு செய்தேன்.

அந்தத் தைரியத்தில்தான் முதல் தடவை தொட்டேன். பட்டியலில் இரண்டு டீஃபால்ட் இருந்தது. கேபிளுக்குப் பக்கத்தில் மெட்ரிக் நூறு என்றும் டாங்கிளுக்குப் பக்கத்தில் அறுநூறு என்றும் போட்டிருந்தது. எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. எங்கள் ஸ்டாண்டில் முதல் லோடு மூத்த வண்டிக்குத்தான். இருபது வருஷம் ஓடுகிற ஜீப்பு நிற்கும்போது இரண்டு வருஷத்து ஜீப்பில் ஆள் ஏற்றினால் அடிதடியாகிவிடும். இங்கே கேபிள் இரண்டு நாள் முன்னால் வீட்டுக்கு வந்தது, டாங்கிள் பின்னால் வந்தது, பின்னால் வந்தவனுக்கு அறுநூறு, மூத்தவனுக்கு நூறா? மாப்பிள்ளை அவசரத்தில் மாற்றிப் போட்டுவிட்டார் என்று நானே கேபிளுக்கு ஆயிரம் போட்டுக் கௌரவித்தேன். சின்ன நம்பர்தான் முன்னால் போகும், பெரிய நம்பர் பின்னால் நிற்கும் என்று எனக்கு யார் சொன்னது? மூப்புக்கு மரியாதை இல்லாத ஸ்டாண்டு அது. வீட்டுச் சரக்கு பூராவும் டாங்கிள் வழியாகப் போக ஆரம்பித்தது. டாங்கிளுக்கோ மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்து டவர்தான் எடுக்கிறது. வருகிற விளம்பரம் எல்லாம் மலையாளம், நகைக்கடைக்காரன் "சுகமாணோ" என்று கேட்கிறான். கேட்டானே, அந்த மட்டும் சரி. சாயங்காலம் பிரியா வீடியோவில் வந்தபோது அவள் முகம் வாய் திறந்தபடியே நின்றுவிட்டது. பிள்ளைக்கு என்னமோ ஆகிவிட்டது என்று நான் பதறி, அவள் அங்கே பதறி, கடைசியில் போனில் வந்து "என்னத்தப்பா தொட்ட? உண்மையச் சொல்லு" என்று ஒரு மணி நேரம் பேசினாள். நெட்டைப் பற்றிப் பத்து நிமிடம், மீதி முழுக்க வேறு பேச்சு. அவள் மேனேஜர் எப்படித் தலையை ஆட்டுவான் என்று சொல்லிச் சிரிக்கவைத்தாள்.

மறுநாள் நீங்கள் புனேயிலிருந்து கம்ப்யூட்டருக்குள் நுழைந்து சரிசெய்யப் பார்த்தீர்கள், முடியவில்லை. "மாமா, நான் கேபிள் அட்ரஸ்ல தட்டுறேன், உங்க பொட்டி டாங்கிள் வழியாப் பதில் சொல்லுது. என் கம்ப்யூட்டரு 'நீ யாரு, உன்ன நான் கூப்புடவே இல்லையே'ன்னு தூக்கி எறிஞ்சுருது" என்றீர்கள். எனக்கு உடனே மொக்கம்மாள் சங்கதி ஞாபகம் வந்தது. ஏலத்தோட்ட வேலைக்குப் போகிற மொக்கம்மாள் ஒரு நாள் எங்கள் ஸ்டாண்டு டிரைவர் சுருளியின் ஜீப்பில் போடிமெட்டு வழியாக ஏறிப் போனாள். சாயங்காலம் யாரோ சொந்தக்காரன் ஜீப்பு என்று ஏறிக் கம்பம் மெட்டு வழியாக இறங்கி வந்துவிட்டாள். சுருளி மலை மேலே "பதினாலு தலை ஏத்துனேன், பதிமூணுதான் இருக்கு" என்று ஏலக்காட்டுக்குள் பேர் சொல்லிக் கத்திக்கொண்டு திரிகிறான். இங்கே மொக்கம்மாள் வீட்டில் உட்கார்ந்து காப்பி குடிக்கிறாள். அன்றைக்குத்தான் ஸ்டாண்டில் சட்டம் போட்டேன், ஏற்றிப்போன ஜீப்புதான் இறக்கிக்கொண்டு வர வேண்டும், தகப்பன் ஜீப்பாக இருந்தாலும் மாறி ஏறக்கூடாது. இதை நான் சொன்னதும் நீங்கள், "மாமா, அதேதான். அதத்தான் இப்பச் செய்யப்போறோம்" என்றீர்கள். அந்தச் சொல்லை நான் மறக்கமாட்டேன். கேபிளுக்கு வழி எழுதி வைக்க ஒரு தனி நோட்டு, டாங்கிளுக்கு ஒரு தனி நோட்டு, கேபிள் வாசலில் வந்து தட்டியவனுக்குக் கேபிள் நோட்டைப் பார்த்தே பதில், டாங்கிள் வாசலில் வந்தவனுக்கு டாங்கிள் நோட்டைப் பார்த்தே பதில் என்று சட்டம் எழுதினோம். நீங்கள் சொல்லச் சொல்ல நான் ஒற்றை விரலால் அடித்தேன். "ஸ்பேஸ் விடுங்க மாமா." "விட்டேன் மாப்ளே." "ரெண்டு விட்டுட்டீங்க மாமா." இரண்டரை மணி நேரம் ஆயிற்று. பக்கத்தில் பிரியா சிரிக்கிற சத்தம் கேட்டது, உங்கள் வீட்டுக் குக்கர் நாலு விசில் அடித்தது கேட்டது, "இன்னிக்கு என்ன கொழம்பு" என்று நீங்கள் அவளைக் கேட்டதும் கேட்டது. கருத்தம்மாள் போன இந்த இரண்டு வருஷத்தில் நம் வீட்டுக்குள் இவ்வளவு சத்தம் அன்றைக்குத்தான். போனை வைத்த பிறகு நானும் ஒரு குழம்பு வைத்தேன், இல்லாவிட்டால் ரசத்தோடு விட்டிருப்பேன்.

அந்தச் சட்டமெல்லாம் எத்தனை நாள் நின்றது? மூன்றே நாள். வியாழக்கிழமை கரண்டு போய் வந்தது, பெட்டி எல்லாவற்றையும் மறந்துவிட்டது. இரண்டு நோட்டும் வெள்ளைத் தாள். "பெர்மனெண்டா எழுதி வைக்கலியா மாமா? வாயால சொன்னது மாதிரிதான் அது, தூங்கி எந்திரிச்சா மறந்துரும்" என்றீர்கள். எனக்கு எழுபத்தொரு வயசு, நானே மறக்கவில்லை மாப்பிள்ளை, ஒவ்வொரு ஸ்பேஸும் ஞாபகம் இருக்கிறது. மறுபடி உட்கார்ந்து அழியாதபடி எழுதினோம். அதுவும் ஒரு மணி நேரம், நல்ல பேச்சு.

அப்புறம் சின்ராசு கதை. ஆனி மாதம் சாக்கடைக்குத் தோண்டுகிறோம் என்று தெரு முனையில் எதையோ வெட்டிவிட்டார்கள். நெட்டு இல்லை. சரி, கேபிள் போனால் டாங்கிள் பிடிக்க வேண்டுமே, அதற்குத்தானே இரண்டாக வைத்தது, அதுவும் பிடிக்கவில்லை. சின்ராசு வந்து பெட்டியில் மினுக்கு மினுக்கென்று எரிகிற விளக்கைக் காட்டி, "லைன் இருக்குண்ணே. நெட்டுதான் இல்ல" என்றான். என்னடா இது, உயிர் இருக்கு, மூச்சுதான் இல்லை என்கிற மாதிரி இருக்கிறதே என்று வைதேன். "அண்ணே, உங்க வீட்ல இருந்து என் ஆபீஸ் வரைக்கும் லைன் சுத்தமா இருக்கு. அங்கிட்டு மேக்கொண்டுதான் அத்துக் கெடக்கு. அத நான் என்ன பண்ண?" என்று வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். யோசித்துப் பார்த்தால் அவன் சொன்னதும் சரிதான். மலை ரோட்டில் ஒன்பதாவது வளைவில் மண் சரிந்து கிடக்கும், மலையடிவாரத்து முந்தலில் நிற்கிறவனுக்குத் தெரியாது, "முந்தல் வரைக்கும் ரோடு கண்ணாடி மாதிரி இருக்கு, அனுப்பு" என்பான். நானும் ஜீப்பு ஜீப்பாக அனுப்பிக்கொண்டே இருப்பேன், எல்லாம் மேலே போய் வரிசையாக நிற்கும். அதே மாதிரி நம் பெட்டியும் சின்ராசு ஆபீஸ் வரைக்கும் வழி நன்றாக இருப்பதைப் பார்த்துவிட்டுச் சரக்கு முழுவதையும் அந்த வழியிலேயே தள்ளிக்கொண்டிருந்தது. டாங்கிள் மாடியில் கை கட்டிக்கொண்டு நின்றது. அன்று நீங்கள் நாற்பது நிமிடம், பிரியா ஒன்றேகால் மணி.

அடுத்தது காற்றும் இருளம்மாளும். பக்கத்து வீட்டு இருளம்மாளை உங்களுக்குத் தெரியும், கல்யாணத்தில் உங்கள் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போன அம்மாள். நம் மாடிக் கம்பியில் கொடி கட்டி நாலு சேலை காயப்போட்டிருக்கிறது. ஆடிக்காற்றில் சேலை பாய் மாதிரி உப்பிக் கம்பி அரைவட்டம் திரும்பி, டாங்கிள் மலையைப் பார்க்காமல் தேனியைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டது. அன்றைக்கென்று கேபிளும் படுத்திருந்தது. கேட்டதற்கு, "ஏண்ணே, நான் சேலையத்தான காயப்போட்டேன், உங்க கம்ப்யூட்டரையா காயப்போட்டேன்? பொம்பளையாளு இல்லாத வீட்டுக் கம்பி சும்மாதான கெடக்குதுன்னு கட்டுனேன்" என்றது. கொடியை அவிழ்க்கச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. கம்பியைத் திருப்பிச் செங்கல் வைத்து முட்டுக் கொடுத்திருக்கிறேன், சேலையும் அங்கேயே காய்கிறது. மாடியில் நாலு கலர் ஆடுவது கீழேயிருந்து பார்க்க நன்றாக இருக்கிறது.

மீதி ஏழு தடவையும் ஏறக்குறைய இதே மாதிரிதான், எலி, இடி, எறும்பு என்று ஒவ்வொன்று. எழுதினால் தாள் காணாது.

பதினோராவது தடவை நீங்கள் கோபத்தோடு ஒரு காவல்காரப் புரோக்ராம் எழுதிப் பெட்டிக்குள் வைத்தீர்கள். முந்தலில் ஆள் வைத்தால் போதாது, மெட்டுக்கு மேலேயே ஆள் வைக்க வேண்டும் என்று நான் சொன்னதைத்தான் செய்திருக்கிறீர்கள். பத்து நொடிக்கு ஒரு தடவை இரண்டு வழியிலும் வெகு தூரத்தில் இருக்கிற ஒரு கம்ப்யூட்டரைத் தட்டி "இருக்கியா" என்று கேட்கிறது, ஒரு வழியில் "இருக்கேன்" என்று பதில் வராவிட்டால் அந்த டீஃபால்ட்டைத் தூக்கிவிட்டு இன்னொன்றில் விடுகிறது, வழி திறந்ததும் பழையபடி மாற்றுகிறது. அருமையான வேலை. ஸ்டாண்டில் எனக்கு அப்படி ஒரு ஆள் இருந்திருந்தால் எத்தனை வசவு மிச்சமாகியிருக்கும். பத்தொன்பது நாளாக ஒரு தடவைகூட லைன் போகவில்லை. இடையில் கேபிள் மூன்று தடவை செத்துப் பிழைத்தது, சின்ராசு வந்து சொல்லித்தான் எனக்கே தெரியும். ஆகவே இனி லைன் போகாது, போகவே போகாது என்று நான் உறுதி சொல்கிறேன்.

இதில் உங்களுக்குத் தெரியாத ஒரு சின்ன விவரத்தையும் எழுதிவிடுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பெட்டி வருவதற்கு முன்னால் பிரியா தினமும் ஆபீஸிலிருந்து வீட்டுக்குப் போகிற வழியில் கூப்பிடுவாள். சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா, இருமல் எப்படி இருக்கு, அவ்வளவுதான், பத்து நிமிடம். இப்போது கேட்க வேண்டிய அவசியம் இல்லை. நான் கூடத்தைக் கடந்தால் அவளுக்குப் பச்சைப் புள்ளி வந்துவிடுகிறது. நானாகக் கூப்பிட்டேன் ஒரு நாள். "சொல்லுப்பா, அவசரமா? இல்லேல்ல? காலைல கேமராவுல பாத்தேன்பா, நீலச் சட்ட போட்டுருந்த, நல்லாத்தான இருக்க" என்றாள். நல்லாத்தான் இருக்கிறேன். அதற்கு மேல் என்ன பேசுவது என்று எனக்கும் தெரியவில்லை, வைத்துவிட்டேன். மறுநாளிலிருந்து கொஞ்சம் நல்ல சட்டையாகப் போட்டுக்கொள்கிறேன், பிள்ளை பார்க்கிறாளே. வெளியே போகும்போது கேமராவைப் பார்த்துப் "போயிட்டு வர்றேன் ஆத்தா" என்று சொல்லிவிட்டுத்தான் கதவைச் சாத்துகிறேன். அதற்குக் காது கிடையாது என்று நீங்கள் சொன்னது ஞாபகம் இருக்கிறது. ஆனாலும் சொல்லாமல் போக மனசு வரவில்லை. ஸ்டாண்டுப் பக்கம் போனால் இப்போது லைன் பார்க்க ஆளே இல்லை, எல்லாம் வாட்சப்பில் முடிந்துவிடுகிறது. சுருளி மட்டும் "என்னண்ணே, கம்ப்யூட்டரு படிக்கிறீகளாமே" என்று டீ வாங்கிக் கொடுத்தான். எனக்கு ஊர்க்கதை பேச ஆள் இல்லை என்று நான் சொல்லவில்லை. வீட்டுக்குள் வந்து கதவைத் திறந்தால் யாரும் "யாரது" என்று கேட்பதில்லை, அதுதான் கஷ்டமாக இருக்கிறது. அது போகட்டும். எல்லாருக்கும் உள்ளதுதான்.

சாரம் என்னவென்றால், இரண்டு வழியும் திறந்திருக்கிறது, இரண்டு நோட்டும் அழியாமல் இருக்கிறது, காவல்காரன் முழித்திருக்கிறான், நான் இனிமேல் எதையும் தொடுவதாக இல்லை. கோயம்புத்தூர்க்காரர்களிடம் பலூனுக்கு வேறு ஆள் பார்க்கச் சொல்லிவிடுங்கள். தீபாவளிக்கு லீவு கிடைத்தால் வாருங்கள், கிடைக்காவிட்டால் அலைய வேண்டாம், சரிசெய்ய இங்கே ஒன்றும் இல்லை. உங்கள் அப்பா அம்மாவுக்கு என் கும்பிடு. பிரியாவுக்கு, தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு ஆபீஸ் போக வேண்டாம் என்று சொல்லவும். நீங்கள் இரண்டு பேரும் நோய் நொடி இல்லாமல், ஒருத்தருக்கொருத்தர் முகம் கோணாமல், பிள்ளை குட்டியோடு நிறைந்து வாழ வேண்டும் என்று மாரியம்மனைக் கும்பிட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நலம் விரும்பும் மாமனார்
ப. சின்னமுத்து

பி.கு.: மேலே எழுதியதை ஒருக்கா படித்துப் பார்த்தேன் மாப்ளே. பதினோரு தடவையில் நாலுதான் நெசம். மீதி ஏழு, எலியும் இல்லை, இடியும் இல்லை, நான்தான். கரண்டு போன அன்றைக்கு ஒரு மணி நேரம் பேசினோமே, அதற்கடுத்த வாரமே ஒரு டீஃபால்ட்டை அழித்துப் பார்த்தேன், பிள்ளை பேசினாள். இரண்டையும் அழித்தேன், நீங்களும் பேசினீர்கள். பாவம் என்று தெரியும், ஆபீஸில் உட்கார்ந்து அழுகிறாள் என்று நீங்கள் சொன்ன அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை, இனித் தொடக்கூடாது என்று மாரியம்மன் மேல் ஆணையிட்டுப் பத்தொன்பது நாள் இருந்தும் பார்த்தேன். முடியலை மாப்ளே. காவல்காரனை முதலில் நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் பத்தே நொடியில் திரும்பப் போட்டுவிடுவான், அப்புறம் டாங்கிள், கடைசியில் கேபிள். யாரும் சொல்லித் தரவில்லை, நானாகத்தான் கண்டுபிடித்தேன். பேரை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து போய் மூன்றையும் செய்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். பயப்பட வேண்டாம், எனக்கு ஒன்றும் இல்லை, கேமராவில்தான் இல்லை. ஸ்பீடு போஸ்ட்டில் போட்டால் இரண்டு நாளில் புனே போய்விடும் என்று சொன்னார்கள், ஆகையால் சாதாத் தபாலில்தான் போடப்போகிறேன். ஆறு நாள் ஆகுமாம். அந்த ஆறு நாளும் அவள் பேசட்டும், அதற்கப்புறம் நீங்கள் எந்த ஊரில் உட்காரச் சொன்னாலும் வந்து உட்கார்கிறேன், பலூனும் தட்டுகிறேன்.

போன் அடிக்குது. பிரியாதான். உடனே எடுத்தால் காத்துக்கிட்டு இருந்தேன்னு நெனச்சுக்குவா. நாலு தடவ மணி அடிக்கட்டும். இது மூணு.